கனகாம்பரக் கட்டுரையில் இரண்டு பெயர்கள்

யுத்தம் முடிந்துவிட்டது, காகிதப் பஞ்சம் மட்டும் முடியவில்லை. அந்த நாட்களில் நான் மயிலாப்பூரில் ஒரு விஞ்ஞான இதழில் உதவி ஆசிரியையாக இருந்தேன். விஞ்ஞான இதழ் என்றதும் பெரிய கட்டடம், மின்விசிறி, வாசலில் சேவகன் என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்து, அந்தச் சந்தில் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவரின் வீடு. அந்த வீட்டு வாசலறைதான் எங்கள் காரியாலயம். உள்ளே அடுப்பில் ரசம் கொதித்தால் அது மிளகு ரசமா எலுமிச்சை ரசமா என்று நாற்காலியில் இருந்தபடியே நான் சொல்லிவிடுவேன். செல் என்கிற உயிரணுவுக்குள் நடப்பதைப் பற்றி இந்த தேசத்தில் யார் என்ன ஆராய்ந்து எழுதினாலும் அதை வாங்கிப் படித்து, சந்தேகம் கேட்டு, இங்கிலீஷைச் சீர்செய்து, வருஷத்துக்கு நாலு முறை அச்சிட்டு அனுப்புவது எங்கள் வேலை. எங்கள் என்றால் இதழாசிரியரான அந்தப் பேராசிரியரும் நானும். வேறு ஆள் கிடையாது.

எனக்குச் சாந்தோம். பாதிரியார்களும் பள்ளிக்கூட வாத்தியார்களுமாக நிறைந்த கத்தோலிக்கக் குடும்பம். நானும் பி.எஸ்ஸி. முடித்த கையோடு ஒரு பள்ளிக்கூடத்தில்தான் சேர்ந்தேன். ஆனால் எனக்கு மூக்கு நுனியில் கோபம். பிள்ளைகளும் பிழைத்தார்கள், நானும் பிழைத்தேன் என்று ஒரு வருஷத்தில் விட்டுவிட்டு வந்தேன். கட்டுரைகளிடம் எவ்வளவு கோபப்பட்டாலும் அவை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்வதில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஆசிரியர் சாது. யாரையும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தது யாரோ, படம் வரைந்தது யாரோ, அவர் பெயர் கட்டுரையின் தலையில் இருக்க வேண்டும். அதுவும் முதலில் இருக்க வேண்டும். இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றும். அன்றைக்கு அப்படி இல்லை. மாணவன் கண் வலிக்க வலிக்கப் பார்த்து வரைவான், பேராசிரியர் பெயரில் கட்டுரை வரும், கடைசி வரியில் மாணவனுக்கு ஒரு நன்றி. அந்த நன்றியும் இடம் போதவில்லை என்றால் போய்விடும். யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை, மரியாதை என்று சொன்னார்கள். எங்கள் ஆசிரியர் மட்டும் ஒவ்வொரு கட்டுரைக்கும், "இதைப் பார்த்து வரைஞ்சது யார்?" என்று எழுதிக் கேட்பார். இதனாலேயே சில பெரிய மனிதர்கள் எங்களுக்குக் கட்டுரை அனுப்புவதை நிறுத்தினார்கள். எனக்கு அதில் ஒரு திருப்தி உண்டு.

ஒரு நாள் அடையாற்றிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர் சைக்கிளில் வந்து ஒரு கட்டுரையைக் கொடுத்துவிட்டுப் போனார். கனகாம்பரத்தைப் பற்றியது. நாம் தலையில் வைக்கிற பூவேதான். பூவின் மகரந்தம் உண்டாகும்போது உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்கள், அந்தச் சின்ன இழைகள், சரிபாதியாகப் பிரிந்து இரண்டு பக்கமும் போக வேண்டும். ஒரு வகைக் கனகாம்பரத்தில் அப்படிப் போகாமல் சில இழைகள் நடுவழியிலேயே நின்றுவிடுகின்றன, அதனால்தான் அந்தச் செடியில் விதை பிடிப்பதில்லை என்று கட்டுரை சொன்னது. படங்கள்தான் என்னை அசத்தின. நுண்ணோக்கியின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கருவியை மாட்டிக்கொண்டால் உள்ளே தெரியும் உயிரணுவும் கீழே இருக்கும் காகிதமும் ஒரே கண்ணுக்கு ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். அந்த உருவத்தின் மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டும். மூச்சு விட்டால் கோடு நடுங்கும். இந்தப் படங்களில் ஒரு கோடு நடுங்கியிருக்கவில்லை.

கட்டுரையின் தலையில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதலில் ஒரு பெண்ணின் பெயர், அடுத்து விரிவுரையாளரின் பெயர். அவரிடம் எம்.எஸ்ஸி. ஆராய்ச்சி செய்த மாணவி அவள். "எல்லாம் அந்தப் பொண்ணு செஞ்சதுதான் சார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல" என்று அவராகவே சொன்னார். ஆசிரியருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கேட்காமலே ஒருவர் இப்படிச் சொல்வது எங்கள் வாசலறையில் அபூர்வம்.

வடக்கே ஒரு நிபுணருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டோம். அவர் வெகுவாகப் பாராட்டிவிட்டு, வேறொரு இடத்திலும் இதே செடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் அச்சிடுங்கள் என்று எழுதியிருந்தார். அவசர அவசரமாக அச்சுக் கோத்தோம். திருத்துவதற்கான அச்சுப்படி ஒன்று அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் தபாலில் போயிற்று. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நாலைந்து நாள் கழித்து, வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒருவர் கை நிறைய வாழைப்பழச் சீப்போடு வந்து நின்றார். வரும்போதே கும்பிட்டார்.

"நான் தியாகராய நகர்ல ஜவுளிக்கடை வச்சிருக்கேன்யா. சொந்த ஊரு திருநெல்வேலிப் பக்கம். எம் மக பேரு உங்க புஸ்தகத்துல வருதாம். அதக் கொஞ்சம் எடுத்துப் போடணும்."

பெயரைப் போடச் சொல்லிக் கெஞ்சியவர்களைப் பார்த்திருக்கிறேன், முறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எடுக்கச் சொல்லி வந்தவர் இவர் ஒருவர்தான். ஆசிரியர் பழத்தை வாங்கி வைத்துவிட்டு, "முதல்ல உக்காருங்கோ" என்றார்.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தபாலில் வந்த தாளைக் கடைக் கணக்குப்பிள்ளை படித்துக் காட்டியிருக்கிறார். "ஒரு ஆம்பளை பேரும் பொம்பளை பேரும் சேந்து அச்சுல வாரது கலியாண அழைப்புல மட்டுந்தானய்யா? எம் மக பேருக்குப் பக்கத்துல யாரோ ஒருத்தர் பேரு நிக்கி. பாக்கிறவன் என்னன்னு நெனைப்பான்?"

"அவர் அவளோட வாத்தியார். ரெண்டு பேருமாச் சேர்ந்து பண்ணின வேலை. அதுக்காகப் போட்டிருக்கு."

"உங்களுக்குத் தெரியுது. மத்தவுகளுக்கு?"

எங்கள் இதழைப் படிக்கிறவர்கள் எல்லாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி மெரினாவுக்கு அழைத்துப் போகலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார். பெண்ணுக்கு ஒரு வரன் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அண்ணன் தெற்கே ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். அந்தக் கல்லூரி எங்கள் சந்தாதாரர். உலகத்திலேயே எங்கள் இதழை வரி விடாமல் படிக்கக்கூடிய ஒரு சம்பந்தி வீடு எங்கேயாவது இருந்தால், அது இவருக்குத்தான் வாய்த்திருந்தது.

ஒரேயடியாக அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. பெண்ணின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். வந்த வரனெல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போயிற்று. சும்மா வீட்டில் இருப்பானேன் என்று படிக்க வைத்தார். பி.எஸ்ஸி. முடிந்தும் வரன் அமையவில்லை, மேலே படிக்க வைத்தார். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்புன்னு எங்க சனம் பூரா ஏசிச்சு. நான் ஒருத்தன் பேச்சையும் கேக்கல" என்றார். இத்தனை நாள் காத்து வந்த வரன், நிச்சயம் செய்து வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது, ஒரு தாளால் போய்விடக் கூடாதே என்ற பயம் அவர் கை விரலில் தெரிந்தது. அங்கவஸ்திர நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"பேரை எடுக்க முடியாது. அது பொய்யாப் போயிடும்" என்றார் ஆசிரியர்.

ஜவுளிக்கடைக்காரர் பெரிய மனதோடு ஒரு வழி சொன்னார். "அப்ப ஒண்ணு செய்யுங்க. அவ பேருக்குப் பதிலா எம் பேரப் போட்டுருங்க. பெத்தவன் பேரு இருந்தா அவ பேரு இருக்க மாதிரித்தான? நாளைக்கு யாரும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

நான் சிரித்துவிட்டேன். ஆசிரியர் சிரிக்கவில்லை. "கனகாம்பரத்தைப் பத்தின்னா கேப்பா? என்ன சொல்வேள்?" என்றார்.

"முழம் என்ன விலைன்னு சொல்லுவேன்" என்றார் அவர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஆசிரியர், என்னிடம்கூட அதிகம் பேசாத ஒரு விஷயத்தை அந்தப் புது மனிதரிடம் சொன்னார். வாலிபத்தில் அவர் வரைந்த படங்கள் சீமையில் ஒரு புத்தகத்தில் அவருடைய துரை பெயரில் வந்தன. "என் படம்தான். நான் போட்ட கோடு. கீழ அவர் பேர். பக்கத்துல இருந்தவாள்ட்ட இது என்னோடதுன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பலை. இப்பவும் ஆத்துல அந்தப் புஸ்தகத்தை நான் தொடறதில்லை. உங்க பொண்ணுக்கு அது வேண்டாம்." வந்தவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "அதுக்கு உங்களுக்குக் கலியாணம் நின்னு போகலயே ஐயா?" என்றார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் இவ்வளவு பேசுறீங்க. அந்தப் பொண்ணக் கேட்டீங்களா?" என்றேன். ஜவுளிக்கடைக்காரர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அவகிட்ட என்னத்தக் கேக்க தாயி? அவளுக்குத்தான கலியாணம்?" என்றார்.

விரிவுரையாளருக்குச் சொல்லி அனுப்பினோம். தன் பெயரை மட்டும் போட்டால் அது திருட்டு, அப்படிப் போடுவதானால் கட்டுரையையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் எழுதிவிட்டார். நல்ல மனிதர்கள் மூன்று பேர் ஒரு விஷயத்தில் கூடினால் அது எந்தப் பக்கமும் நகராது என்று அப்போது தெரிந்துகொண்டேன். அச்சகத்தில் வேறு நெருக்கடி. ஈய எழுத்துகளைக் கோத்து அடுக்கிக் கட்டி வைத்தால், அச்சாகிப் பிரிக்கும் வரை அந்த எழுத்துகளை வேறு வேலைக்கு எடுக்க முடியாது. அச்சக போர்மன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பொரிந்து தள்ளினார்.

"இன்னாம்மா இது, பாதி எழுத்து உன் பக்கத்துலயே மாட்டிக்கினு கீது. வேற வேல எப்டி ஓட்டறது? அந்தப் பொண்ணு புள்ள பெக்கற வரிக்கும் இப்டியே கட்டி வெச்சினு இருக்கணுமா?"

ஒரு பெண்ணாகிய நான் போனால் வீட்டுக்குள் விடுவார்கள் என்று ஆசிரியர் என்னை தியாகராய நகருக்கு அனுப்பினார். லஸ்ஸில் பஸ் ஏறும்போதே எனக்குள் வசனம் தயாராகிவிட்டது. அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவிக்கப் போகிறேன் என்று நினைப்பு. பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் இறங்கி வெயிலில் வீட்டைத் தேடி, போய்ப் பார்த்தால் யாரும் யாரையும் அடைத்து வைத்திருக்கவில்லை. பின்கட்டில் கனகாம்பரச் செடிகளுக்கு நடுவே ஒரு ஒல்லிப் பெண் குனிந்து மொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அத்தை என்னிடம் நேராகப் புகாரோடு வந்தாள்.

"நீங்களாவது கேளுங்கம்மா. சாமிக்கும் பூ இல்ல, தலைக்கும் பூ இல்ல. விடிஞ்சதும் விடியாததுமா மொட்டப் பூராவும் பறிச்சுச் சாராயத்துல போட்டு வைக்கா."

அது சாராயம் இல்லை, மொட்டுக்குள் இருக்கும் உயிரணுவை அந்த நிமிஷத்தில் இருந்தபடியே நிறுத்தி வைக்கும் திரவம் என்று அவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஆனால் மூடியைத் திறந்தால் சாராய வாடை அடிப்பது உண்மைதான். அதனால் அத்தை நம்பவில்லை. காலை வெயில் ஏறுவதற்குள் பறித்தால்தான் இழைகள் பிரியும் தருணம் கிடைக்கும், பிறகு பறித்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று என்னிடம் சொல்லும்போது அவள் முகமே வேறாக இருந்தது. மற்ற நேரம் அதிகம் பேசாத பெண்.

அத்தை காப்பி கலக்க உள்ளே போனதும் நான் நேராகக் கேட்டேன். "உனக்கு என்ன வேணும்? உங்கப்பா சொல்றத விடு. நீ சொல்லு."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "பேரு வேணும்க்கா" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கலியாணமும் வேணும். ரெண்டையும் கேக்கக் கூடாதா?" என்றாள்.

நான் பஸ்ஸில் தயாரித்துக்கொண்டு வந்த வசனம் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்திருக்கிறாளாம். "நல்லா இருக்காக" என்றாள், காது சிவக்க. மாப்பிள்ளையை நேரில் பார்த்ததில்லை, பேசியதில்லை. அவர்கள் பக்கத்தில் தாலி ஏறுமுன் பேசுவது வழக்கமும் இல்லை. நான் புறப்படும்போது வாசல்வரை வந்து, "அப்பாவ ஒண்ணும் ஏசாதியக்கா. அவுக பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று. திரும்பி வரும் வழியெல்லாம் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் திண்டாடினேன்.

நடந்ததை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் ஜவுளிக்கடைக்காரரைக் கூப்பிட்டனுப்பி, "ஒளிக்கறதை விட நேரா அவாள்ட்டயே கேட்டுடுங்கோ. படிச்ச குடும்பம்தானே" என்றார். அதற்கு அவர் தைரியம் சேர்த்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின. நாங்கள் கனகாம்பரப் பக்கங்களைக் கட்டியபடியே வைத்துவிட்டு மற்றக் கட்டுரைகளை அச்சிட்டோம். போர்மன் என்னோடு பேசுவதையே நிறுத்தினார்.

ஒரு நாள் மத்தியானம் ஜவுளிக்கடைக்காரர் லட்டுப் பொட்டலத்தோடு வந்தார். வாசலிலேயே சிரிப்பு. "ஒத்துக்கிட்டாகய்யா! ஒரு குத்தமும் இல்லன்னுட்டாக. வாத்தியார் பேரு பக்கத்துல இருந்தாலும் பரவாயில்லயாம். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக."

கல்யாணம் தை மாதம். இதழ் வருவது மாசியில். அச்சாகி வரும்போது அவள் அவர்கள் வீட்டு மருமகள். அதனால் அவள் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியலை எடுத்துவிட்டு மாப்பிள்ளையின் இனிஷியலைப் போட வேண்டும். கல்யாணமானால் எப்படியும் மாறப்போகிறதுதானே, கொஞ்சம் முன்னாலேயே மாற்றுகிறோம், அவ்வளவுதான். அவர் அதை ஒரு வரமாக நினைத்துச் சொன்னார். லட்டை எடுத்து ஆசிரியர் கையில் வைத்தார்.

எங்கள் இதழில் இதற்கும் ஒரு விதி உண்டு. கட்டுரை எங்களுக்கு வந்து சேர்ந்த நாளில் எழுதியவருக்கு என்ன பெயரோ அந்தப் பெயர்தான் அச்சாகும். ஆசிரியருக்கு அது தெரியாதா? கட்டுரை கொடுத்த பிறகு கிடைத்த ஒரு பட்டத்தைச் சேர்த்துப் போடச் சொன்ன ஒரு பெரிய மனிதருக்கு இதே விதியைக் காட்டி முடியாது என்று எழுதியவர். அவர் லட்டைப் பார்த்தார், எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்தார். "சரி, அப்படியே போட்டுடலாம்" என்றார்.

அவர் போனபின் நான் ஆசிரியரை ஒரு பார்வை பார்த்தேன். "ஒரு எழுத்துதானேம்மா. வேலை அவளோடது, பேரும் அவளோடது. அந்த மனுஷன் எத்தனை சந்தோஷமா வந்தார் பார்த்தியோ?" என்றார். பார்த்தேன்தான். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் எனக்கு அரித்தது. அவள் மொட்டுப் பறித்த காலையில் இந்த மாப்பிள்ளை எங்கே இருந்தார்?

எழுத்தை மாற்றி மறுபடியும் ஒரு அச்சுப்படி எடுத்தோம். கடைசி அச்சுப்படியில் எழுதியவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் இதழில் அச்சேறும். தபாலில் அனுப்பி மறுபடியும் கணக்குப்பிள்ளை கையில் சிக்க வேண்டாம் என்று அவளையே வரச் சொன்னோம். அப்பாவும் கூட வந்தார். அவள் எங்கள் வாசலறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தான் வரைந்த படங்கள் அச்சில் வந்திருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு படத்தில் ஒரு இழை கொஞ்சம் தடித்துவிட்டதென்று சொன்னாள். அவள் சொன்னது சரி, நான் கவனிக்கவில்லை. கடைசியில் முதல் பக்கத்துக்கு வந்தாள். தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பெருமையாக எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் பேனாவை எடுத்து, பெயருக்கு முன்னால் இருந்த எழுத்தை அடித்தாள். மேலே பழைய எழுத்தை எழுதினாள். பக்கத்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

எதிரே இருந்த எங்கள் இருவருக்கும் என்ன நடந்ததென்று தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை. அவருக்கு அந்த எழுத்துகள் எதுவும் தெரியாது. படத்தில் ஏதோ திருத்துகிறாள் என்றே நினைத்திருப்பார். அவள் பேசாமல் தாளை மடித்து என்னிடம் கொடுத்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். மாசியில் தெரியவரும்போது தாலி ஏறியிருக்கும்.

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா, அவுக எழுத்த அடிச்சிட்டு உங்க எழுத்தப் போட்டிருக்கேன்" என்றாள்.

"ஏட்டி! என்ன செஞ்சிருக்க?" என்று பாதி எழுந்துவிட்டார்.

"இத நான் செய்யும்போது உங்க மகதானப்பா? நீங்கதான் படிக்க வச்சிய. அவுக என்னைப் பாத்ததுகூட இல்ல. கலியாணத்துக்குப் பெறகு ஏதாவது செஞ்சா அவுக எழுத்தப் போட்டுக்கிடுதேன். இதுல போட்டாப் பொய்யில்லா?" அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் அடித்ததைத் திரும்ப எழுதவில்லை. ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வளைத்துக் கொடுத்த விதியை அந்தப் பெண் நிமிர்த்தி வைத்துவிட்டாள்.

ஜவுளிக்கடைக்காரர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தார். மகளை ஏசுவார் என்று எதிர்பார்த்துச் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் என்னிடம் வந்து, "அவ போட்டபடியே இருக்கட்டும் தாயி. நான் ஊருக்குப் போய் அவுககிட்ட நேர்ல சொல்லிட்டு வாரேன். அவுகளாப் படிச்சுத் தெரிஞ்சிக்கிடப்படாது" என்றார். ஆசிரியரைக் கும்பிட்டுவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் கனகாம்பரப் பக்கங்கள் மிஷினில் ஏறின. நான் அச்சகத்தில் நின்று முதல் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போர்மன் என்னோடு மறுபடியும் பேச ஆரம்பித்திருந்தார். அப்போது வாசலில் ஜவுளிக்கடைக்காரர் வந்து நின்றார். கையில் பை, சட்டையெல்லாம் ரயில் கரி. எழும்பூரில் இறங்கி நேரே எங்கள் காரியாலயத்துக்குப் போய், ஆசிரியர் வழி சொல்ல இங்கே வந்திருக்கிறார்.

"இடம் தட்டிப்போச்சு தாயி" என்றார்.

அவர்கள் சத்தம் போடவில்லையாம். மரியாதையாகச் சாப்பாடு போட்டார்களாம். ஒரு எழுத்து கேட்டோம், அதையே விட்டுக்கொடுக்காத பெண் நாளைக்கு வீட்டில் எதை விட்டுக்கொடுப்பாள் என்று மட்டும் கேட்டார்களாம். அவர்கள் நிலையில் நின்று பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே இவருக்குப் பட்டதாம். அதைச் சொல்லும்போதும் அவர்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை.

நான் கையைக் காட்டி மிஷினை நிறுத்தச் சொன்னேன். "ஐயா, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கு. ஒரு எழுத்தை உருவிட்டு வேற சொருக ஒரு நிமிஷம் போதும். நீங்க ஒரு தந்தி அடிங்க" என்றேன். விதியாவது மண்ணாங்கட்டியாவது என்றுதான் அப்போது எனக்கு இருந்தது. அந்தப் பெண் காது சிவக்க நின்றதே என் கண்ணில் நின்றது. "அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"இன்னும் தெரியாது. வீட்டுக்குப் போகல. போனா அழுவா. போட்டோவப் பாடப் புஸ்தகத்துக்குள்ள வச்சிருக்கா, எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பு." பையைக் கீழே வைத்தார். "அன்னைக்கு அவ சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா தாயி? இங்கிலீசு தெரியாத அப்பன்தானன்னு நெனைக்கலயே. எம் மூஞ்சியப் பாத்துச் சொன்னால்லா? அதுக்கு மேல நான் எப்படி மாத்தச் சொல்லுவேன்?"

 

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, மிஷின் பக்கத்தில் கிடந்த ஒரு தாளை இரண்டு கையாலும் எடுத்தார். மை இன்னும் காயவில்லை. "இதுல எம் எழுத்து எது? காட்டுங்க" என்றார். காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளி வைத்துப் பார்த்தார், மறுபடியும் கிட்டே கொண்டுபோனார்.

"இம்புட்டுத்தானா?" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் பெரிசாப் போட்டா ஆகாதா?" என்று கேட்டார்.

"ஆகாதுய்யா. எங்க இதழ்ல எல்லார் பேரும் ஒரே அளவுதான்."

"அப்ப சரி" என்றார். "மிஷினை ஓட்டச் சொல்லுங்க."